கூடாரத்துப் பிள்ளைகளும் ரோபோவும்



இந்த மாதப் பாடம் சேமிப்பைப் பற்றியோ உள்கடனைப் பற்றியோ இல்லை. ரோபோவைப் பற்றியது. "நமக்கும் அதுக்கும் என்னங்க சம்பந்தம்?" என்று கூட்டத்தில் யாராவது கேட்பீர்கள். கேட்கட்டும். வாசிக்கிற சகோதரி நிறுத்தாமல் மெதுவாக வாசிக்கவும். சம்பந்தம் ரோபோவோடு இல்லை. அந்தப் பிள்ளைகளைப் பெற்ற அம்மாக்களோடு.

முதலில் இடத்தைத் தெரிந்துகொள்வோம். சிரியா என்பது ஓர் அரபு நாடு. கோதுமையும் பருத்தியும் ஆலிவும் விளைகிற பூமி. மேற்கே லெபனான், தெற்கே ஜோர்டான், வடக்கே துருக்கி. 2011-ஆம் ஆண்டில் தெற்கில் தரா என்ற ஊரில் பள்ளிப் பையன்கள் சிலர் சுவரில் அரசாங்கத்தை எதிர்த்து எழுதினார்கள். போலீஸ் பிடித்துக்கொண்டு போய் அடித்து வதைத்தது. பெற்றோர் போய்க் கேட்டார்கள், அவமானப்படுத்தி அனுப்பினார்கள். ஊரே தெருவுக்கு வந்தது. கூடியவர்கள் மேல் துப்பாக்கிச் சூடு நடந்தது. அதற்குப் பிறகு ஊர் ஊராகப் போராட்டம் பரவி, சண்டையாகி, 13 வருடத்துக்கு மேல் நீடித்தது. இரண்டு கோடிக்குச் சற்று மேல் ஜனத்தொகை கொண்ட நாட்டில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் வீட்டை விட்டு ஓட வேண்டியதாயிற்று. பாதிப் பேர் என்றால் என்ன என்று நினைத்துப் பாருங்கள். நம் தெருவில் ஒரு வீடு விட்டு ஒரு வீடு பூட்டிக் கிடக்கும்.

துருக்கிக்குப் போனவர்கள் ஒரு கட்டத்தில் 35 லட்சத்தைத் தாண்டினார்கள். ஜோர்டானில் ஆறரை லட்சம் பேர் பதிவு செய்தார்கள். லெபனான் மிகச் சிறிய நாடு. அங்கே மட்டும் 2014-ஆம் ஆண்டிலேயே பதிவு செய்த அகதிகள் 10 லட்சம் ஆனார்கள்.

லெபனானில் பெக்கா என்று ஒரு பள்ளத்தாக்கு. இரண்டு பக்கமும் மலை, நடுவில் உருளைக்கிழங்கும் காய்கறியும் திராட்சையும் விளைகிற வயல். சிரியாவில் இருந்து வந்த குடும்பங்கள் பல அந்த வயலோரங்களில்தான் கூடாரம் போட்டன. மரச்சட்டம் அடித்து, மேலே பிளாஸ்டிக் ஷீட்டும் பழைய விளம்பரப் பேனரும் போர்த்திய கூடாரம். அந்த நிலத்துக்கு வாடகை கொடுக்க வேண்டும். ஆமாம், கூடாரம் போட்ட மண்ணுக்கே வாடகை! தண்ணீர் லாரியில் வரும், பிடித்து வைத்துக்கொள்ள வேண்டும். குளிர்காலத்தில் பனி கொட்டினால் கூரை அமுங்கும், ராத்திரியில் எழுந்து பனியைத் தள்ளிவிட வேண்டும்.

கூடாரங்களுக்கு ஒரு தலைவர் இருப்பார். 'ஷாவீஷ்' என்று சொல்வார்கள். நம் ஊர் மேஸ்திரி போல என்று வைத்துக்கொள்ளுங்கள். எத்தனை பெண்கள், எத்தனை பிள்ளைகள் நாளைக்கு வயலுக்கு வேண்டும் என்று அவர்தான் ஆள் திரட்டி அனுப்புவார். உருளைக்கிழங்கு பொறுக்குவது, வெங்காயம் பிடுங்குவது, களை எடுப்பது.

பெரியவர்கள் இருக்கும்போது பிள்ளைகளை ஏன் அனுப்புகிறார்கள் என்று கோபம் வரும். எங்களுக்கும் வந்தது. காரணத்தைத் தெரிந்துகொண்டபோது கோபம் வேறு பக்கம் திரும்பியது. 2015 ஜனவரியில் இருந்து லெபனானில் ஒரு சட்டம். 15 வயது முடிந்த சிரியாக்காரர் ஒவ்வொருவரும் தங்குவதற்கான அனுமதியைப் புதுப்பிக்க வருடத்துக்கு 200 டாலர் கட்ட வேண்டும். 2017-ல் ஒரு பகுதியினருக்கு இந்தக் கட்டணத்தை எடுத்தார்கள், எல்லோருக்கும் எடுக்கவில்லை. பணம் கட்ட முடியாத ஆண்கள் வெளியே போனால் சாலைச் சோதனையில் பிடிபடுவார்கள். அதனால் அப்பா கூடாரத்துக்குள் உட்கார்ந்திருப்பார். சின்னப் பையனை யாரும் மறித்துப் பேப்பர் கேட்க மாட்டார்கள் என்பதால் அவன் வேலைக்குப் போவான். அப்பாவின் மனசு என்ன பாடுபடும்! பையனுக்கு 15 வயது நிறைந்தால் அவனுக்கும் தனிப் பேப்பர் வேண்டும். பேப்பர் வாங்க அடையாள அட்டையோ பாஸ்போர்ட்டோ வேண்டும். அது எரிந்த வீட்டில் போயிருக்கும்.

பெண் பிள்ளைகளுக்கு வேறு கணக்கு. கூடாரத்துக்குக் கதவு கிடையாது, தாழ்ப்பாள் கிடையாது. வயதுக்கு வந்த பெண்ணை வைத்துக்கொண்டு எத்தனை ராத்திரி கண் விழிப்பது என்று அம்மா பயப்படுகிறாள். ஒரு வாய் சோறும் குறையும். ஊரில் இருந்திருந்தால் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருக்க வேண்டியவள், 15, 16 வயதிலேயே கல்யாணம் ஆகிப் போனாள். போருக்கு முன்பு இருந்ததைவிட இது மிகவும் கூடிப்போனது என்று அங்கே வேலை செய்த பல அமைப்புகள் எழுதியிருக்கின்றன.

பள்ளிக்கூடம் இல்லாமல் இல்லை. லெபனான் அரசு தன் பள்ளிகளிலேயே மத்தியானத்துக்கு மேல் சிரியாப் பிள்ளைகளுக்கு இரண்டாவது ஷிஃப்ட் நடத்தியது. அது சின்ன நாடு, தன் பிள்ளைகளுக்கே இடம் பார்க்க வேண்டிய நாடு. அதைக் குறை சொல்லிவிட்டுப் போவது சுலபம், நாங்கள் சொல்லவில்லை. ஆனால் ஒரு பெரிய சிக்கல் இருந்தது. சிரியாவில் கணக்கும் அறிவியலும் அரபு மொழியில் சொல்லிக் கொடுப்பார்கள். லெபனானில் அதே பாடம் பிரெஞ்சிலோ இங்கிலீஷிலோ நடக்கும். ஏழாவது வரை நன்றாகப் படித்த பையன் புது வகுப்பில் போய் உட்கார்ந்தால் ஒன்றும் புரியாது. கணக்கு தெரியும், கேள்வி புரியாது. இந்த வேதனை என்ன என்று நம்மில் பல அம்மாக்களுக்குத் தனியாக விளக்க வேண்டியதில்லை. இதோடு பஸ் காசும் சேர்ந்தால், "போதும்மா, நான் வேலைக்கே போறேன்" என்று பிள்ளையே சொல்லிவிடும். 2016-ல் எடுத்த கணக்குப்படி லெபனானில் பதிவாகியிருந்த, பள்ளி வயதுள்ள சிரியாப் பிள்ளைகள் ஏறக்குறைய 5 லட்சம் பேர். அதில் பாதிக்கும் மேல் பள்ளிக்கே போகவில்லை.

இந்த இடத்தில்தான் ரோபோ வருகிறது.

பெக்காவில் சிரியா அகதிகளே சேர்ந்து ஓர் அமைப்பு நடத்தினார்கள். 'மல்டி எய்டு புரோகிராம்ஸ்', சுருக்கமாக 'மாப்ஸ்' என்பார்கள். ஃபாதி அல்ஹலபி என்ற மருத்துவர் தொடங்கியது. அவரும் சிரியாக்காரர்தான். மருத்துவ மையங்கள், பள்ளி மையங்கள் என்று நடத்திக்கொண்டிருந்தவர்கள், கொஞ்சம் பெரிய பிள்ளைகளுக்கு ரோபோ செய்யக் கற்றுக்கொடுக்க ஆரம்பித்தார்கள். ஆண் பிள்ளைகளும் வந்தார்கள், பெண் பிள்ளைகளும் வந்தார்கள். சாப்பாட்டுக்கே கஷ்டப்படுகிற பிள்ளைக்கு ரோபோ எதுக்கு என்று கேட்கத் தோன்றும். அதற்குப் பதில் சொல்ல, ரோபோ என்றால் என்ன என்று நாம் முதலில் பார்த்துவிட வேண்டும்.

சினிமாவில் வருகிற மாதிரி மனுஷ முகம் வைத்துக்கொண்டு நடப்பது மட்டும் ரோபோ இல்லை. மேல்நிலைத் தொட்டி நிரம்பியதும் மோட்டாரைத் தானாக நிறுத்துகிற கருவி சில வீடுகளில் இருக்கிறதே, அதை ரோபோவின் தங்கச்சி என்று சொல்லலாம். மூன்று விஷயம் வேண்டும். பார்ப்பதற்கு ஒன்று, அதை சென்சார் என்கிறார்கள். செய்வதற்கு ஒன்று, அது மோட்டார். என்ன பார்த்தால் என்ன செய்ய வேண்டும் என்று முன்கூட்டியே எழுதி வைக்கிற கட்டளை ஒன்று, அதன் பெயர் புரோகிராம்.

கட்டளை எழுதுவது பெரிய வித்தை என்று பயப்பட வேண்டாம். தோசை சுடுவதை நினைத்துக்கொள்ளுங்கள். அடுப்பைப் பற்ற வை. கல் காய்ந்ததா பார். காயவில்லை என்றால் காத்திரு. காய்ந்துவிட்டால் மாவை ஊற்று. ஓரம் எழும்பியதா பார். எழும்பினால் திருப்பு. கல் காய்ந்ததா என்று தண்ணீர் தெளித்துப் பார்க்கிறோமே, அது சென்சார் செய்கிற வேலை. இதையே ஒரு வரி விடாமல், வரிசை மாறாமல், மெஷினுக்குப் புரிகிற பாஷையில் எழுதினால் புரோகிராம். நமக்கு 'மாவை ஊற்று' என்றால் போதும். மெஷினுக்கு எவ்வளவு, எங்கே, எவ்வளவு நேரம் என்று எல்லாம் சொல்ல வேண்டும். சொல்லாததை அது செய்யாது. தப்பாகச் சொன்னதைத் தப்பாகவே செய்யும்.

ரோபோ கற்கிற பிள்ளைகளுக்கு ஆரம்பப் பாடங்களில் ஒன்று, தரையில் போட்ட கறுப்புக் கோட்டின் மேல் ஒரு சின்ன வண்டியை ஓட வைப்பது. வண்டிக்கு அடியில் ஒரு சின்ன வெளிச்சம் இருக்கும். வெள்ளைத் தரையில் பட்டால் வெளிச்சம் திரும்பி வரும், கறுப்பில் பட்டால் அவ்வளவாகத் திரும்பாது. இதை வைத்து வண்டி, தான் கோட்டின் மேல் இருக்கிறதா விலகிவிட்டதா என்று தெரிந்துகொள்ளும். இடது பக்கம் விலகினால் வலது பக்கம் திரும்பு என்று எழுத வேண்டும். முதல் தடவை எழுதும்போது எல்லோருக்கும் இடது வலது மாறிவிடும். வண்டி கோட்டை விட்டுச் சுவரில் போய் முட்டும்.

அப்போது நடப்பதைத்தான் நாங்கள் முக்கியமாக நினைக்கிறோம். மெஷின் திட்டாது, "உனக்குப் படிப்பு ஏறாது" என்று சொல்லாது. பிள்ளை வண்டியைத் திருப்பிப் போட்டு, ஒயர் சரியா, பேட்டரி இருக்கிறதா, எழுதின வரியில் எது தப்பு என்று ஒவ்வொன்றாகப் பார்த்துத் திருத்துகிறது. மறுபடி விடுகிறது, மறுபடி முட்டுகிறது. பத்தாவது தடவை கோட்டோடு போய்விடுகிறது! இந்தப் பிள்ளைகளின் நிலைமையை நினைத்துப் பாருங்கள். வீடு இடிந்தது, அவர்கள் ஒன்றும் செய்ய முடியவில்லை. எல்லை தாண்டியது, தங்கின இடம், பள்ளியின் பாஷை எல்லாமே யாரோ தீர்மானித்தது. அப்பாவாலும் ஒன்றும் செய்ய முடியவில்லை என்று பார்த்து வளர்கிற பிள்ளைகள். அவர்கள் கையில் முதல் முறையாக, கெட்டுப்போனால் காரணம் கண்டுபிடித்துச் சரிசெய்ய முடிகிற ஒரு பொருள் கிடைத்தது.

போரைப் பார்த்த பிள்ளைகள் ராத்திரி அலறி எழுவார்கள், சிலர் பேச்சையே நிறுத்திக்கொள்வார்கள், சிலர் தொட்டதற்கெல்லாம் சண்டைக்கு வருவார்கள். அப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு ஒரே நேரம், ஒரே இடம், தெரிந்த முகங்கள், கைக்கு ஒரு வேலை இவை நல்லது செய்யும் என்று மனநல மருத்துவர்கள் சொல்கிறார்கள். நாலு மணிக்குக் கூட்டம் என்றால் மூன்றரைக்கே மனசு கிளம்பிவிடுகிறது என்று நம் உறுப்பினர்கள் சொல்வார்களே, அந்த மாதிரி.

இன்னொன்று, ரோபோவைத் தனியாகச் செய்ய முடியாது. ஒருத்தி சட்டத்தை முடுக்கினால், ஒருவன் கட்டளை எழுதுவான், இன்னொருவர் கம்ப்யூட்டரில் படம் வரைவார். பல்சக்கரத்தில் சின்னது பெரியதைச் சுற்றினால் வேகம் குறையும், பலம் கூடும். மேட்டில் சைக்கிள் கியரை மாற்றுகிற கதைதான். வேகம் வேண்டுமா பலம் வேண்டுமா என்று ஐந்து பேரும் சண்டை போட்டு முடிவு செய்ய வேண்டும். கணக்குப் பாடத்தில் பிரெஞ்சும் இங்கிலீஷும் பயமுறுத்தின பிள்ளைகளுக்கு, இங்கே பல்சக்கரத்தின் பற்களை எண்ணிப் பார்த்தே கணக்கு புரிந்தது.

2017 ஜூலை மாதம் அமெரிக்காவில் வாஷிங்டன் நகரத்தில் 'ஃபர்ஸ்ட் குளோபல்' என்ற உலக அளவிலான ரோபோ போட்டி நடந்தது. டீன் கேமன் என்ற கண்டுபிடிப்பாளர் தொடங்கியது. 150-க்கும் மேற்பட்ட நாடுகளில் இருந்து உயர்நிலைப் பள்ளி வயதுப் பிள்ளைகள் வந்தார்கள். நம் இந்தியாவில் இருந்தும் ஓர் அணி போனது. பெரும்பாலான அணிகள் ஒரு நாட்டின் பெயரில் வந்தன. பெக்காவில் இருந்து போன சிரியாப் பிள்ளைகள் மட்டும் அகதிகள் அணி என்று வந்தார்கள். அணியின் பெயர் 'டீம் ஹோப்'. ஹோப் என்றால் நம்பிக்கை.

அந்த வருடப் போட்டியின் பொருள் குடிதண்ணீர். மைதானத்தில் நீலப் பந்துகளும் ஆரஞ்சுப் பந்துகளும் கொட்டிக் கிடக்கும். நீலம் நல்ல தண்ணீர், ஆரஞ்சு அதில் கலந்த அழுக்கு. ரோபோ இரண்டையும் பிரித்துத் தனித்தனி இடத்தில் சேர்க்க வேண்டும். லாரித் தண்ணீரைப் பிடித்து வைத்துக் குடித்த பிள்ளைகளுக்கு இந்த விளையாட்டை யாரும் விளக்கியிருக்கத் தேவையில்லை.

எல்லா அணிக்கும் ஒரே மாதிரியான சாமான் பெட்டிதான் கொடுத்தார்கள். பணக்கார நாட்டுக்கு ஒரு பெட்டி, ஏழைக்கு ஒரு பெட்டி என்று இல்லை. இன்னொரு விதி எங்களுக்கு மிகவும் பிடித்தது. மூன்று நாடுகள் ஒரு பக்கம் கூட்டு, மூன்று நாடுகள் எதிர்ப் பக்கம். அடுத்த ஆட்டத்தில் கூட்டணி மாறிவிடும். இப்போது எதிரே நிற்கிறவள் அடுத்த ஆட்டத்தில் உன் பக்கத்தில் நிற்பாள். அவள் ரோபோ பழுதானால் உன் ஸ்குரூ டிரைவரைக் கொடுப்பாயா மாட்டாயா? வாசிக்கிற சகோதரி இங்கே கொஞ்சம் நிறுத்தி, உறுப்பினர்களைக் கேட்கலாம்.

அங்கே போய்ச் சேருவதே பாதிப் போட்டி. அந்த வருடம்தான் அமெரிக்கா சில நாட்டுக்காரர்கள் உள்ளே வரத் தடை போட்டது. சிரியாவும் அதில் ஒன்று. அப்படியிருந்தும் டீம் ஹோப் பிள்ளைகளுக்கு விசா கிடைத்தது. ஆப்கானிஸ்தானில் ஹெராத் என்ற ஊரில் இருந்து ஆறு பெண் பிள்ளைகள் போட்டிக்குப் பெயர் கொடுத்திருந்தார்கள். அவர்களுக்கு இரண்டு தடவை விசா மறுத்து, உலகமே பேசின பிறகு கடைசி நேரத்தில் அனுமதித்தார்கள். அவர்கள் துணிச்சலுக்கு ஒரு வெள்ளிப் பதக்கம் வாங்கித் திரும்பினார்கள். அந்த நாட்டில் 2021-ல் தாலிபான் ஆட்சி வந்த பிறகு ஆறாம் வகுப்புக்கு மேல் பெண் பிள்ளைகளுக்குப் பள்ளியே இல்லை. ரோபோ அணியில் இருந்த பெண்கள் பலர் நாட்டை விட்டுப் போக வேண்டியதாயிற்று. நம்பிக்கை என்று எழுதும்போது இதையும் சேர்த்து எழுதாவிட்டால் அது ஏமாற்று வேலை.

ஜோர்டான் பக்கமும் ஒரு விஷயம். சிரியா எல்லையை ஒட்டி ஜாத்தரி என்ற முகாம் 2012 ஜூலையில் திறந்தது. பொட்டல் காட்டில் கூடாரம் போட்டு ஆரம்பித்து, 80,000 பேர் இருக்கிற ஊர் ஆனது. அதற்குள் ஒரு தொழில்நுட்பக் கூடம் வைத்திருந்தார்கள். 2020-ல் கொரோனா வந்தபோது அங்கே இருந்த அகதிகள் லெகோ என்கிற பிளாஸ்டிக் விளையாட்டுக் கட்டைகளை வைத்தே ஒரு கருவி செய்தார்கள். கையை நீட்டினால் சென்சார் பார்க்கும், மோட்டார் பாட்டிலை அழுத்தும், சானிடைசர் கையில் விழும். பாட்டிலை யாரும் தொட வேண்டாம். முன்னே சொன்ன மூன்று விஷயமும் இதில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது அம்மாக்களிடம் வருவோம். போட்டிக்குப் போன பிள்ளைகளின் படத்தைப் பத்திரிகைகள் போட்டன, 'அதிசயம்' என்று எழுதின. படத்தில் வராத ஒரு கணக்கு இருக்கிறது. ரோபோ வகுப்புக்குப் போகிற ஒவ்வொரு மத்தியானமும் வயலில் ஓர் ஆள் கூலி குறையும். மகளை அனுப்பினால், "வயசுப் பொண்ணைப் பையன்களோட உக்கார வைக்கிறியா?" என்று பக்கத்துக் கூடாரத்தில் பேசுவார்கள். கூலியும் போய், பேச்சும் கேட்டு, இதனால் என்ன கிடைக்கும் என்று தெரியாமலேயே, "போயிட்டு வா" என்று சொல்ல வேண்டும். அப்படிச் சொல்ல முடியாத அம்மாக்கள்தான் அதிகம். அவர்களை நாம் குறை சொல்ல முடியாது, வாடகை அடுத்த மாதமும் வரும். சொல்ல முடிந்தவர்களுக்கும் உதவி எங்கிருந்தோ வந்திருக்க வேண்டும்: மையத்துக்கு வண்டி வசதி, தெரிந்த டீச்சர், கூடப் போகிற இன்னொரு பெண் பிள்ளை. ரோபோ வாங்கக் காசு கொடுக்கிறவர்கள் அந்த வண்டிக்கும் காசு கொடுக்க வேண்டும் என்பது எங்கள் கட்சி.

ரோபோ கற்றுக்கொண்டால் வாழ்க்கை மாறிவிடும் என்று எழுதுகிறவர்களை நாங்கள் முழுசாக நம்புவதில்லை. லெபனானில் சிரியாக்காரர்கள் விவசாயம், கட்டிட வேலை, துப்புரவு இந்த மூன்றைத் தவிர மற்ற வேலைக்குப் போகத் தடை. எவ்வளவு நன்றாக மெஷின் செய்தாலும் அந்தத் தடையை மெஷின் நீக்காது. மேல்படிப்பும் அப்படித்தான். 2010-களின் நடுவில், உலகம் முழுக்க அகதி இளைஞர்களில் நூற்றுக்கு ஒருவர்தான் கல்லூரிக்குப் போனார். 2023-ல் ஐ.நா. அகதிகள் நிறுவனம் சொன்ன கணக்கு நூற்றுக்கு 7. ஏறியிருக்கிறது, உண்மை. மீதி 93 பேரையும் எண்ணிப் பார்க்க வேண்டும். அதற்கும் மேலே, 2019-ல் இருந்து லெபனானின் பணம் மதிப்பிழந்து, ரொட்டி விலை ஏறி, அந்த நாட்டுக்காரர்களே வரிசையில் நின்றார்கள். 2024-ல் பெக்காவிலேயே குண்டு விழுந்தது. ஓடி வந்த இடத்தில் இருந்து மறுபடி ஓடினார்கள்.

2024 டிசம்பர் 8-ஆம் தேதி சிரியாவில் பழைய ஆட்சி விழுந்தது. அதற்குப் பிறகு 2025 செப்டம்பருக்குள் வெளிநாடுகளில் இருந்து 10 லட்சம் பேர் ஊர் திரும்பினார்கள் என்று ஐ.நா. அகதிகள் நிறுவனம் சொன்னது. திரும்பினவர்களுக்கு ஆயிரக்கணக்கான பள்ளிக்கூடங்கள் இடிந்தும் சிதைந்தும் கிடக்கின்றன. துருக்கியில் வளர்ந்த பிள்ளைகளுக்குத் துருக்கி மொழி எழுத வருகிறது, சொந்த மொழியான அரபு எழுதத் தடுமாறுகிறார்கள். லெபனானில் பாஷை தெரியாமல் முழித்த பிள்ளைகளின் கதை இப்போது தலைகீழாக நடக்கிறது.

2017-ல் வாஷிங்டன் மைதானத்தில் நீலப் பந்தையும் ஆரஞ்சுப் பந்தையும் பிரித்த பிள்ளைகள் இப்போது இருபதுகளின் நடுவில் இருக்கிறார்கள். ஆட்சி விழுந்த சமயத்தில் சிரியாவின் பல ஊர்களில் கரண்ட் நாளுக்கு இரண்டு மூன்று மணி நேரம்தான் வந்துகொண்டிருந்தது. வசதி இருந்தவர்கள் மாடியில் சோலார் தட்டு போட்டுக்கொண்டார்கள், தண்ணீர் மோட்டாரையும் அதில்தான் ஓட்டினார்கள். மோட்டார் நின்றால், ஒயர் சரியா, பேட்டரி இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்க்கத் தெரிந்த ஆள் ஊருக்கு ஊர் தேவைப்படுகிறது.